நெவென்காவின் நிலவறைக் கம்பெனி

நெவென்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பார்கள். தப்பு. மூக்கு நுனியில் இருந்திருந்தால் ஒரு தும்மலில் போயிருக்கும். அவள் கோபம் எலும்புக்குள் இருந்தது. தொழிற்பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கணவன் போன பிறகு நிஷாவா ஆற்றங்கரையில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். சந்தைக்குப் போனால் மிளகாய்க்காரன் அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே நல்லதாகப் பொறுக்கி எடைபோட்டுவிடுவான். மரியாதை பாதி, பயம் பாதி.

ஆனாலும் ராங்கோ மேல் அவளுக்கு இருந்த கோபம் தனி ரகம். இளமையில் இருவரும் சேர்ந்து ஒரு கம்பெனி நடத்தினார்கள். அது படுத்த நாளிலிருந்து அவள் அவனோடு பேசுவதில்லை. அதற்காக அவன் அவள் வீட்டுக்கு வராமலும் இல்லை. எங்கள் நிஷ் நகரத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காவல் புனிதர் உண்டு. அவருடைய நாளில் யாரையும் விருந்துக்கு அழைக்கும் வழக்கமில்லை, வந்தவரைத் திருப்பி அனுப்பும் வழக்கமும் இல்லை. பகையாளியே வந்து நின்றாலும் கதவைத் திறந்து, அக்ரூட்டும் சர்க்கரையும் சேர்த்த கோதுமையை ஒரு கரண்டி கொடுத்துத்தான் ஆகவேண்டும். நெவென்கா வீட்டில் அது குளிர்காலத்தில் வரும் நிக்கோலாஸ் திருநாள். ராங்கோ வருஷம் தவறாமல் வருவான். அவளும் கோதுமை, பொரித்த மீன், ரக்கியா என்ற பழச்சாராயம் எல்லாம் வைப்பாள். தட்டு காலியானால் நிரப்புவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவன் வயிறார உண்டுவிட்டு, சுவரில் மாட்டியிருக்கும் புனிதரைப் பார்த்து, "மீன் பிரமாதம்" என்று சொல்லிவிட்டுப் போவான்.

கம்பெனியின் பெயர் நிலவறை. ராங்கோவின் அம்மா முட்டைக்கோஸ் ஊறப்போடும் பீப்பாய்கள் இருந்த நிலவறையில்தான் அதை ஆரம்பித்தார்கள். யுகோஸ்லாவியா ஒரே நாடாக இருந்த காலம். கம்ப்யூட்டர் வேண்டுமென்றால் எல்லை தாண்டிப் போய் வாங்கி, சுங்கக்காரன் கண்ணில் படாமல் துணிக்குள் சுருட்டிக் கொண்டுவர வேண்டும். அப்படி வந்த ரப்பர் பொத்தான் பெட்டி ஒன்றைத் தொலைக்காட்சியில் மாட்டி, நெவென்கா நிரல் எழுதினாள். படமும் பாட்டும் ராங்கோ. புளித்த முட்டைக்கோஸ் வாடையில் உட்கார்ந்து அவர்கள் செய்த வீடியோ விளையாட்டுகளுக்காக ஸ்கோப்யேயிலிருந்து ஸாக்ரெப் வரைக்கும் பிள்ளைகள் காத்துக்கிடந்தார்கள்.

காத்துக்கிடந்தது கடை வாசலில் அல்ல, வானொலிப் பெட்டி முன்னால். அந்தக் கால விளையாட்டு கேசட்டில் இருக்கும். ஓட்டினால் கம்ப்யூட்டருக்கு அது விளையாட்டு, மனுஷக் காதுக்கு வெறும் கீச்சொலி. ராங்கோ பிழைப்புக்கு வானொலியில் அறிவிப்பாளனாக இருந்தான். இளைஞர் நிகழ்ச்சியில் இரண்டு பாட்டுப் போட்டுவிட்டு, "கேசட்டைத் தயார் பண்ணிக்கோங்க" என்பான். பிறகு அந்தக் கீச்சொலியை அப்படியே ஒலிபரப்புவான். நாடு முழுக்கப் பிள்ளைகள் பதிவுசெய்துகொள்வார்கள். அதைப் பதிவுசெய்யும்போது வீட்டில் யாரும் விளக்கைக்கூடப் போடக்கூடாது, கரகரப்பு விழுந்துவிடும். அப்பாவையே அதட்டி இருட்டில் உட்காரவைத்த பிள்ளைகள் எங்கள் ஊரில் உண்டு.

அவர்களுடைய கடைசி விளையாட்டில் ஒரு வாத்து. விருந்துக்கு அறுக்க வைத்திருந்த வாத்து தப்பி ஓடுகிறது. முதல் கட்டம் சமையலறை, இரண்டாவது கோட்டைக்கு அடியில் சுரங்கம், மூன்றாவது ஆறு. நெவென்கா செய்ததிலேயே உசத்தியானது அந்த மூன்றாவது கட்டம்தான். அதை முடித்த அன்று அவள் ராங்கோவின் அம்மாவைக் கட்டிப்பிடித்து ஆடினாளாம். இன்றைக்கு இதைச் சொன்னால் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

ஒலிபரப்பு நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது வானொலி நிலையத்துக்கு ஒரு கிழவரிடமிருந்து தொலைபேசி. "என் ரேடியோ நாசமாப் போச்சு, யாரு பொறுப்பு?" என்று கத்தினார். ராங்கோவுக்கு நேயர் மனம் நோகக்கூடாது. ஒலிவாங்கியைத் திறந்தான்.

"அன்பான நேயர்களே, பதறாதீங்க. உங்க ரேடியோ நல்லாத்தான் இருக்கு. எதுவும் கெட்டுப்போகலை" என்றான்.

அவன் அப்படிச் சொன்ன அந்த நொடியில்தான் எல்லாம் கெட்டது. கீச்சொலி மேல் குரல் விழுந்து, மூன்றாவது கட்டம் அடியோடு போயிற்று. நாடு முழுக்க ஆயிரக்கணக்கான வாத்துகள் சுரங்கத்தின் முடிவில் முட்டிக்கொண்டு நின்றன.

அடுத்த வாரம் மறுபடி போடலாம் என்று ராங்கோ ஓடிவந்தான். அதற்குள் நெவென்கா, கையில் இருந்த ஒரே மூலக் கேசட்டின் மேல், சித்தப்பா மகள் கல்யாணத்தில் வாசித்த எக்காளக் கோஷ்டியைப் பதிவுசெய்திருந்தாள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு, வேறென்ன சொல்ல? ராங்கோ கேசட்டைப் போட்டுக் கேட்டான். எக்காளம் பொளந்து கட்டியது. அதோடு கம்பெனி மூடியது. கொஞ்ச காலத்தில் நாடே உடைந்தது. சண்டையும் பஞ்சமும் வந்தபோது வாத்தைப் பற்றி யாருக்குக் கவலை? நெவென்காவுக்கு இருந்தது. இருட்டில் உட்கார்ந்து காத்திருந்த அத்தனை பிள்ளைகளும் தன்னைச் சபித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே காலத்தை ஓட்டினாள். வகுப்பில் எவனாவது உற்றுப் பார்த்தால்கூட, வாத்து விஷயம் தெரிந்துதான் பார்க்கிறான் என்று தோன்றும்.

போன இலையுதிர் காலத்தில், அவள் மிளகாய் சுட்டுத் தோலுரித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பேசியவன் ஜார்க்கோ, நகரப் பேருந்து ஓட்டுநர், ஐம்பது வயது ஆள்.

"அத்தை, நான் நிலவறை விசிறி. எங்க கூட்டத்துல நூத்துக்கணக்குல இருக்கோம். கம்பெனியை மறுபடி தொடங்கணும். பழைய விளையாட்டு நாலையும் இப்போ இருக்கிற கம்ப்யூட்டருக்கு ஏத்த மாதிரி மாத்தி வெளியிடலாம். அப்புறம் புதுசா ஒண்ணு பண்ணலாம். வேலை எல்லாம் நாங்க பாத்துக்கறோம். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"நாலு இல்ல, மூணுதான். நாலாவது ஓட்டை. ஓட்டைப் பாத்திரத்துல என் பேரைப் பொறிக்கச் சொல்றியா?" என்று வைத்துவிட்டாள்.

பிறகு யாகொடா என்று ஒரு பல் மருத்துவர் கூப்பிட்டாள். அவளும் விசிறிதான். "அத்தை, உங்க பல்லை ஆயுசுக்கும் காசில்லாம பாத்துத் தர்றேன்."

"என் பல்லுல ஓட்டை இல்லம்மா. ஓட்டை என் விளையாட்டுலதான்."

விசிறிகளுக்கு ஒரு கொள்கை இருந்தது. நெவென்கா சரி என்று சொல்லாமல் நிலவறை என்ற பெயரில் எதையும் வெளியிடமாட்டார்கள். ஆகவே அவள் ஒரு வார்த்தை சொன்னால் கம்பெனி பிழைக்கும், சொல்லாவிட்டால் செத்தது செத்ததுதான்.

நிக்கோலாஸ் நாளன்று மெழுகுவர்த்தி ஏற்றி முடித்த கையோடு அழைப்பு மணி அடித்தது. திறந்தால் ஜார்க்கோ, கையில் ஒயின் புட்டி. பக்கத்தில் யாகொடா, காப்பிப் பொட்டலத்தோடு. பின்னால் ஸ்கோப்யேயிலிருந்து வந்திருந்த மீசைக்காரர் ஒருவர், ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி. மாடிப்படி முழுக்கத் தலைகள். எல்லாருக்கும் கடைசியில், ஒன்றும் தெரியாத பூனை மாதிரி ராங்கோ.

"புனிதர் துணை இருக்கட்டும், அத்தை" என்றான் ஜார்க்கோ.

"இன்னைக்கு வரச்சொல்லி எந்தக் கழுதை யோசனை சொல்லிச்சு?"

எல்லாரும் திரும்பி ராங்கோவைப் பார்த்தார்கள். அவன் சுவரைப் பார்த்தான். கதவைச் சாத்த அவளுக்குக் கை துறுதுறுத்தது, ஆனால் புனிதர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஒரு கரண்டி கோதுமை கொடுத்தாள். மீன் போதவில்லை, பீன்ஸ் குழம்பில் தண்ணீர் விட்டு நீட்டிப் பரிமாறினாள்.

சாப்பிட்டு முடித்ததும் மீசைக்காரர் தொலைக்காட்சியில் ஒரு ரப்பர் பொத்தான் பெட்டியையும் கேசட் பெட்டியையும் மாட்டினார். ஜார்க்கோ சட்டைப்பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துப் போட்டான். கீச்சொலி ஓடியது. நடுவே இளம் ராங்கோவின் குரல் வந்தது. உடனே அறையில் இருந்த அத்தனை பேரும், தேவாலயத்தில் பதில் பாடுவது போல, கூடவே சொன்னார்கள்: "பதறாதீங்க. உங்க ரேடியோ நல்லாத்தான் இருக்கு. எதுவும் கெட்டுப்போகலை!"

ராங்கோ முகத்தை மூடிக்கொண்டான். என் வீட்டில், என் மேஜையில் உட்கார்ந்து என்னையே கேலி செய்கிறார்கள் என்று நெவென்கா நினைத்தாள். எழுந்து சமையலறைப் பக்கம் நடந்தாள்.

"நில்லுங்க அத்தை, அடுத்த கேசட்டைப் போடறேன். மூணாவது கட்டம் வருது" என்றான் ஜார்க்கோ.

"எப்படிடா வரும்? அதான் இவன் வாயால அழிச்சிட்டானே!"

"வராதுதான். அதனால நானே எழுதினேன். அப்போ எனக்குப் பதினோரு வயசு. வாத்து அங்கேயே நிக்குது, அதை எப்படி விடுறது? உங்க புரோகிராமைப் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்துக் கத்துக்கிட்டேன். ஒரு குளிர்காலம் பூரா ஆச்சு."

"நான் எழுதினதுல ஆறு உறைஞ்சு கிடக்கும். வாத்து சறுக்கிக்கிட்டே போகும்" என்றாள் யாகொடா.

"என்னோடது சண்டைக் காலத்துல எழுதினது. ஆத்துக்கு நடுவுல எல்லைக் காவலன் நிப்பான். வாத்துக்கிட்ட பாஸ்போர்ட் கேப்பான்" என்றார் மீசைக்காரர். அறை சிரிப்பில் அதிர்ந்தது. மாடிப்படியில் நின்றவர்களும் தங்கள் தங்கள் ஆறுகளைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆளுக்கு ஒன்று எழுதியிருந்தார்கள்.

நெவென்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சபித்திருப்பார்கள் என்று நினைத்த பிள்ளைகள் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"ஆனா இதெல்லாம் எங்க கைச்சரக்கு. அசல் உங்க தலைக்குள்ளதானே இருக்கு. அதை எழுதிக் குடுங்க, அதைத்தான் போடணும்" என்று ஜார்க்கோ ரப்பர் பொத்தான் பெட்டியை அவள் முன் நகர்த்தினான்.

அவள் விரல்களை வைத்தாள். சமையலறையின் ஒவ்வொரு வாணலியும் அவளுக்கு நினைவிருந்தது. சுரங்கத்தின் ஒவ்வொரு வளைவும் நினைவிருந்தது. ஆறு? ஆறு அழகாக இருந்தது. அது மட்டும்தான் நினைவிருந்தது. படகு இருந்ததா, பாலம் இருந்ததா, வாத்து எப்படிக் கரை சேர்ந்தது, ஒன்றுமே வரவில்லை. எதை நினைத்து இத்தனை வருஷம் பொருமினாளோ, அது எப்போதோ அவளை விட்டுப் போயிருந்தது.

நெவென்கா தலையைத் தூக்கி, கூட்டத்தில் தேடினாள்.

"டேய் ராங்கோ. ஆத்துல என்னடா இருந்துச்சு?"

ராங்கோ புனிதரை ஒரு தடவை பார்த்தான், உதவிக்கு.

"எனக்கும் ஞாபகம் இல்ல, நெவென்கா. படம் போட்டது நான்தான்... நீலமா இருந்துச்சு."

"ஆறுன்னா பின்ன பச்சையாவா இருக்கும், எருமை!"

எருமை என்று கேட்டதும் ராங்கோ சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் கையில் யாரோ ரக்கியாவைத் திணித்தார்கள். நெவென்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அசலே போன பிறகு எந்தப் பாத்திரத்தின் ஓட்டைக்காக வீம்பு பிடிப்பது?

"ஜார்க்கோ, உன் ஆத்தைப் போடு. நான் ஆடிப் பாக்கறேன்."

முதல் ஆட்டத்தில் வாத்து மூழ்கியது. இரண்டாவதில் மீனவன் பிடித்தான். மூன்றாவதில் ஒரு பூட்டிய மதகு. சாவி கிடைக்கவில்லை.

"எங்கடா ஒளிச்சு வெச்சிருக்க, திருட்டுப்பயலே?"

"நீங்க சுரங்கத்துல ஒளிச்ச மாதிரியேதான், அத்தை. வந்த வழியிலயே."

திரும்பிப் போனாள். சாவி இருந்தது. மதகு திறந்தது. நீலத் தண்ணீரில் வாத்து மெல்ல நீந்திப் போயிற்று, ராங்கோவின் பாட்டைப் போலவே ஏதோ ஒன்று பிசிறடித்து ஒலித்தது. பிறகு திரையில் எழுத்து வந்தது: நிலவறைக் கம்பெனி, நிஷ்.

நெவென்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுதினது நீ. உன் பேரை ஏன்டா போடல?"

"கம்பெனி வேலைல சொந்தப் பேரைப் போடலாமா, அத்தை?"

அவள் யாகொடாவைப் பார்த்தாள். "நானும் நிலவறைன்னுதான் போட்டேன்" என்றாள் யாகொடா. மீசைக்காரர் தலையாட்டினார். மாடிப்படியிலும் தலைகள் ஆடின.

"கம்பெனிதான் மூடியாச்சே" என்றாள் நெவென்கா, குரல் உடைந்து.

"எங்களுக்கு எப்படித் தெரியும்? யாரும் சொல்லலையே" என்றான் ஜார்க்கோ.

நெவென்கா எழுந்து, கன்னத்தைத் துடைத்துக்கொள்ளாமலே, மேஜை மேல் இருந்த மீன் தட்டுகளை ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

"சரி. எல்லா ஆறும் விளையாட்டுல வரட்டும், ஒண்ணும் விடக்கூடாது. ஒவ்வொண்ணுலயும் எழுதினவன் பேரு இருக்கணும், இது கம்பெனி உத்தரவு. யாகொடா, நீ இங்க வந்து உக்காரு, உன் ஐஸை முதல்ல பாக்கலாம்."