ஒன்பதாவது குழியில் ஐந்து அடி

லிஃப்ட்காரர் கோல்ஃப் மட்டையின் தலையால் தரையை இரண்டு முறை தட்டிவிட்டுக் காதை ஒருபுறம் சாய்த்துக் கேட்பார். டொக், டொக். பிறகு பிடியைத் தளர்த்தி மறுபடி பிடிப்பார். புல்தரை என்ன பதில் சொல்கிறதோ தெரியாது. அது கிடைக்கும்வரை பந்தை அடிக்க மாட்டார். பின்னால் நிற்கிற கண்டக்டருக்குப் பொறுக்காது.

"என்னய்யா, பூமிக்கு ஃபோன் போடறீரா? லைன் கிடைச்சுதா?"

"இருங்க கண்டக்டரே. சத்தம் சரியில்லாம நான் எதையும் கிளப்பினதில்ல."

முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் பழுதுபார்த்த காது அது. இரும்பு வடத்தை ஸ்பானரால் தட்டிப் பார்த்தே எந்த இழை நைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கோல்ஃப் அவருக்கு வந்து சேர்ந்ததும் லிஃப்ட் வழியாகத்தான். வீடு காலிசெய்து போன யாரோ ஒரு பை நிறைய மட்டைகளை லிஃப்டிலேயே மறந்துவிட்டுப் போக, மூன்று மாதம் யாரும் தேடி வராததால் காவலாளி அதை இவர் தலையில் கட்டினார். அப்போது வயது ஐம்பத்தெட்டு. இப்போது எழுபத்து மூன்று. பையில் இடக்கைக்காரர் மட்டை ஒன்றும் இருந்தது. எதற்கும் உதவாது. ஆனாலும் பதினைந்து வருடமாக அதையும் சுமந்துகொண்டுதான் ஆடுகிறார். "அது பாட்டுக்கு இருக்கட்டும், துணைக்கு" என்பார்.

கூட ஆடுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் பல் டாக்டர். இன்னும் காலையில் இரண்டு மணி நேரம் பல் பிடுங்குகிறார். மற்றவர் ஓய்வுபெற்ற கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸில் தலைகளை எண்ணி எண்ணி, எதைப் பார்த்தாலும் உதடு அசையாமல் எண்ணிவிடுகிற வியாதி அவருக்கு. கணக்கில் அவர் தவறி யாரும் பார்த்ததில்லை. மூவரும் வருடத்துக்கு ஒருமுறை, விடிந்ததும் முதல் ஆளாகப் போய், ஒன்பது குழிக்கு ஒரு போட்டி ஆடுவார்கள். குறைந்த அடிகளில் முடித்தவருக்கு ஒரு தகரக் கோப்பை. சமமாகிவிட்டால் கோப்பை போன வருடம் வைத்திருந்தவரிடமே தங்கும். இரண்டு வருடமாக அது டாக்டரின் மேஜையில் பேனா தாங்கிக்கொண்டிருக்கிறது.

ஒருவர் அடிகளை இன்னொருவர் எழுத வேண்டும் என்பது ஆட்டத்தின் வழக்கம். ஆடியவர் தன் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்ல, எழுதுகிறவர் தலையாட்டி அட்டையில் குறித்துக்கொள்வார். லிஃப்ட்காரரின் அட்டை கண்டக்டரிடம்.

இந்த வருடம் லிஃப்ட்காரர் கோப்பைக்காக வரவில்லை. அதை யாரிடமும் அவர் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் அவர் ஆறாவது மாடியில் இருக்கிற தன் வீட்டுக்குப் போகிறேன் என்று ஏழாவது மாடியில் இறங்கிவிட்டார். யாருடைய கதவிலோ சாவியை நுழைத்து, பூட்டில் கோளாறு என்று பத்து நிமிடம் மல்லுக்கட்டினார். உள்ளேயிருந்து ஒரு பெண் பயந்துபோய் எட்டிப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஆயுள் முழுக்க லிஃப்டை மாடிக்கு நேராக, ஒரு விரல்கடை பிசகாமல் நிறுத்திய மனிதர். விஷயம் அன்றைக்கே மனைவி காதுக்கு வந்தது. மறுநாள், "செவ்வாய்க்கிழமை ஞாபகத்துக்கு ஒரு டெஸ்ட் எடுத்துடலாங்க, சும்மாதான்" என்றார். இந்தச் 'சும்மாதான்' அவருக்குத் தெரியும். அதன் பின்னால் கார் சாவி கைமாறும், பிறகு தனியாக வெளியே போகிற கால்கள் கட்டப்படும். அதற்கு முன் தன்னைத் தானே ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட நினைத்தார். ஒன்பது குழி, ஒவ்வோர் அடியும் நினைவில் நிற்க வேண்டும். நின்றால் மூளை தன்னுடையது.

எட்டுக் குழிவரை நின்றது. அவர் சொன்ன எண்ணுக்கெல்லாம் கண்டக்டர் தலையாட்டினார். மொத்தம் நாற்பத்திரண்டு. ஒன்பதாவதில் முதல் அடியே கோணலாகப் போய்ப் புதருக்குப் பின்னால் விழுந்தது. அவர் தனியே அங்கே போனார். சற்று நேரம் கழித்துப் பந்து மட்டும் வெளியே பறந்து வந்து குழியின் கொடிக்கு அருகில் இறங்கியது. அங்கிருந்து இரண்டு தட்டு. உள்ளே.

"அஞ்சு" என்றார்.

கண்டக்டர் அட்டையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "நாலு."

"அஞ்சுங்க."

"நாலுதான்யா. முதல் அடி, புதர்லேர்ந்து ஒன்னு, இங்க ரெண்டு. நாலு."

"நாலுன்னா?" என்றார் டாக்டர். அவர் ஏற்கெனவே நாற்பத்தேழில் முடித்திருந்தார்; கண்டக்டர் ஐம்பதைத் தாண்டிவிட்டார். "நாலுன்னா இவருக்கு நாப்பத்தாறு. கோப்பை இவருக்கு. அஞ்சுன்னா சமம், கோப்பை என் மேஜைக்கு."

லிஃப்ட்காரருக்குக் கோப்பை கண்ணில் படவே இல்லை. திரும்பிப் புதரைப் பார்த்தார். புதருக்குப் பின்னால் மட்டை ஒரு வேரில் இடறியது, பந்து ஒரு முழம் உருண்டு நின்றது, மறுபடி அடித்தது, எல்லாம் கண்முன் இருக்கிறது. ஆனால் அந்த ஏழாவது மாடிக் கதவும் தன் வீட்டுக் கதவாகத்தானே கண்முன் இருந்தது? எதிரில் நிற்பவரோ கணக்கில் தவறாதவர்.

"சரின்னு எடுத்துக்கோய்யா. தானா வர்ற கோப்பையை யாராவது வேணாம்பாங்களா?" என்றார் கண்டக்டர், அட்டையைப் பார்த்தபடியே.

"எனக்கு வேணாம்." லிஃப்ட்காரரின் குரல் உயர்ந்தது. "நான் அஞ்சு அடிச்சேன். உம்ம கணக்கு தப்பு. வாங்க, காட்டறேன். ரெண்டு பேரும் வாங்க!"

"ஜெயிக்கச் சண்டை போடறவனைப் பாத்திருக்கேன்" என்று முணுமுணுத்தபடி டாக்டர் பின்னால் நடந்தார். "தோக்கறதுக்குச் சண்டை போடற ஆளை இப்பதான் பாக்கறேன்."

மட்டை பெயர்த்த புல்லை அடித்தவரே திரும்பப் பொருத்தி மிதித்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். லிஃப்ட்காரர் அதில் மகா சுத்தம். அன்றைக்கு அந்தச் சுத்தமே வினையாகிவிட்டது. புதருக்குப் பின்னால் தரை, எதுவுமே நடக்காதது போலப் பச்சையாகப் படுத்திருந்தது. அவர் குனிந்து தடவினார். இங்கேதான். இல்லை, அங்கே. நெற்றி வியர்வை மூக்குநுனிக்கு வந்து சொட்டியது. "இங்கதானே..." என்றார், யாரிடமும் இல்லாமல்.

டாக்டர் முழங்காலிட்டார். முட்டிகள் இரண்டும் சொடக்கிட்டன. ஆட்காட்டி விரலால் புல்லை அங்கங்கே மெல்ல அழுத்தி அசைத்துக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நின்றார்.

"இது ஆடுது."

இரு விரலால் தூக்கினார். உள்ளங்கையளவு புல்துண்டு, அடியில் ஈர மண்ணோடு, பல்லைப் போல வந்தது. ஒரு முழம் தள்ளி இன்னொன்று. அதுவும் ஆடியது.

"ரெண்டு. ரெண்டுமே புதுசு, மண்ணு இன்னும் காயல. நமக்கு முன்னாடி இங்க யாரும் ஆடவும் இல்ல. அஞ்சேதான்."

"கோப்பைக்காக நீரே புடுங்கி வெச்சீரா டாக்டரே?" என்றார் கண்டக்டர். கிண்டல் பழைய கிண்டல்தான். ஆனால் கைக்குட்டையை எடுத்து முகம் முழுவதையும் அழுத்தித் துடைத்துக்கொண்டார். அட்டையில் நான்கை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினார்.

லிஃப்ட்காரர் புல்லிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை. "தோத்துட்டேன்யா! சுத்தமா தோத்துட்டேன்!" என்று டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். கோப்பையை வைத்திருப்பவர் தரவேண்டிய காப்பியை அன்று அவரே எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தார். கண்டக்டர் தன் காப்பி ஆறுகிறதைக்கூடப் பார்க்காமல், கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனார்.

அவர் கை கழுவப் போகவில்லை என்பது பல நாள் கழித்துத்தான் தெரிந்தது. போட்டிக்கு முந்தின நாள் லிஃப்ட்காரரின் மனைவி கண்டக்டரை ஃபோனில் கூப்பிட்டிருக்கிறார். "அண்ணே, நாளைக்கு ஒரே ஒரு தடவை அவர்கிட்ட கணக்கைத் தப்பாச் சொல்லிப் பாருங்க. பேசாம தலையாட்டிட்டாருன்னா எனக்குப் பயமா இருக்கும். சண்டை போட்டாருன்னா நாளைக்கு ராத்திரியாவது தூங்குவேன்." எட்டுக் குழிவரை கண்டக்டருக்கு நாக்கு எழவில்லை. ஒன்பதாவதில் புதருக்குப் பின்னால் மட்டை பந்தை அடித்த இரண்டு சத்தமும் அவர் காதில் தெளிவாகவே விழுந்திருந்தன.

அன்று கழிவறைச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அவர் ஃபோனில் அந்த அம்மாளிடம் சொன்னது இவ்வளவுதான்: "சண்டை போட்டாரும்மா. நல்லாவே போட்டாரு."