இலை வைத்த படுக்கை

கதவைத் திறந்ததும் அவள் விளக்கைப் போடுவதில்லை. திரையை ஒரு முழம் விலக்கிவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் நின்று, தலையைச் சாய்த்துப் படுக்கையைப் பார்க்கிறாள். "இந்த மனுஷன் ராத்திரி பூரா புரண்டிருக்கான். என்ன கவலையோ, பாவம்." அடுத்த அறையில், "ரெண்டு பேர் படுத்த கட்டில்தான். ஆனா நடுவுல இன்னொரு ஆள் படுக்கலாம் போல இடம் கிடக்கு. சண்டை." ஆளின் முகத்தைப் பார்க்காமலே ஆளைச் சொல்லிவிடுவாள். சொன்னது தப்பியதாக அந்த ஹோட்டலில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சட்டையில் குத்திய பட்டையில் அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதைப் படிப்பவர்கள் விருந்தாளிகள் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அவள் ஏழாம்மாடி. பதினோரு வருஷமாக ஏழாவது மாடியின் பதினான்கு அறைகளும் அவள் பொறுப்பு. நடுவில் ஒரு தடவை அவளை மூன்றாவது மாடிக்கு மாற்றினார்கள். "மூணாவது மாடிக்கு ஏழாம்மாடி வந்தாச்சா?" என்று ஒரு வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், யாருக்கும் அது வேடிக்கையாகப் படவில்லை; மறுவாரம் பழைய மாடிக்கே அனுப்பிவிட்டார்கள்.

இத்தனை வருஷத்தில் எந்தக் கட்டிலிலும் அவள் உட்கார்ந்து பார்த்ததில்லை. "உக்காந்தா எந்திரிக்க மனசு வராது. அப்புறம் வீட்டுப் பாய் முள்ளா குத்தும்" என்பாள். முழங்கால் வலித்தால் குளியலறைத் தொட்டியின் விளிம்பில் ஒரு நிமிஷம் சாய்வதோடு சரி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஹோட்டலுக்குத் திடீரென்று பூமியின் மேல் அக்கறை வந்தது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் போய் கண்ணாடிக் கூஜா வந்தது. கட்டைவிரல் அளவு ஷாம்பூ பாட்டில்கள் போய், சுவரில் திருகிய பெரிய ஜாடிகள் வந்தன. நடைபாதை விளக்குகள் ஆள் நடந்தால் எரியும், தாண்டிப் போனால் அணையும். ஏழாம்மாடி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் முன்னால் வெளிச்சம், பின்னால் இருட்டு. எல்லாம் நல்ல காரியம்தான், குறை சொல்லக் கூடாது. கடைசியாக வந்தது இலை. உள்ளங்கை அகலத்தில் மரத்தால் செதுக்கி, பச்சை பூசிய இலை. விருந்தாளி அதைத் தலையணைமேல் வைத்துவிட்டுப் போனால் அன்று விரிப்பை மாற்ற மாட்டார்கள், துவைக்கும் தண்ணீர் மிச்சம்.

மிச்சமான தண்ணீரைப் பணியாளர் வாசலில் ஒரு பலகையில் தினமும் லிட்டர் கணக்கில் எழுதினார்கள். பக்கத்தில் சிரிக்கிற மீன் ஒன்றை வரைந்து வைத்தார்கள். "மீனுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. மிச்சம் புடிச்ச தண்ணி நம்ம தெருக்குழாய்க்கு வரலையே, அது எங்க போவுது?" என்று வாசல் காவலாளி கேட்பார். கேள்வி நியாயமானது. பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

இந்த இலை விஷயத்தில் ஏழாம்மாடியை மிஞ்ச ஒருவரும் இல்லை. படுத்து எழுந்த விரிப்பை அவள் நாலு மூலையும் இழுத்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, முழங்கை வரை கையை வைத்து நீவி விடுவாள். நீவி முடித்தால் அது பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த துணி. விருந்தாளி வந்து பார்ப்பார், வித்தியாசம் தெரியாது. மறுநாளும் இலை வைப்பார். மற்ற மாடிகளில் நாலு இலை, ஐந்து இலை என்று தேறும்போது ஏழாவது மாடியில் பதினொன்று, பன்னிரண்டு. வருஷக் கடைசியில் 'பூமியின் தோழி' என்று எழுதி, அவள் படத்தைச் சட்டம் போட்டு நடைபாதையில் மாட்டினார்கள். அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். "மூக்கு கொஞ்சம் பெருசா விழுந்திருச்சு" என்று சொல்லிக்கொண்டே தினம் இரண்டு தடவை அந்த வழியாகப் போவாள்.

இனி சின்னவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்னவள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. ஒரே வீடு, இரண்டு அறை. ஓரகத்திகள் என்றால் கீரியும் பாம்பும் என்று நினைப்பவர்கள் இந்த வீட்டுக்கு வந்தால் ஏமாந்து போவார்கள். கொழுந்தன் ஒரு நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினவன்தான், எங்கே போனான் என்று இன்றுவரை தெரியாது. அன்றைக்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள் சின்னவள். பேச்சில்லை, சிரிப்பில்லை, ஊட்டினால் ஒரு வாய். எட்டு மாதம். ராத்திரியில் மூச்சு வருகிறதா என்று ஏழாம்மாடி எழுந்து எழுந்து பார்த்திருக்கிறாள்.

ஹோட்டலின் அடித்தளத்தில் இருக்கிற லாண்டரியில் ஆள் கேட்டபோது, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவளைச் சேர்த்துவிட்டது ஏழாம்மாடிதான். முதல் வாரம் ஊமையாக இஸ்திரி போட்டாள் சின்னவள். இரண்டாவது வாரம் பக்கத்து மேசைக்காரி ஏதோ சொல்ல, களுக்கென்று சிரித்துவிட்டாள். அந்தச் செய்தியை யாரோ மேலே வந்து சொன்னபோது ஏழாம்மாடி ஒரு விருந்தாளியின் குளியலறையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதன்பிறகு வீட்டிலும் பேச்சுதான். "அக்கா, இது எண்ணெய்க் கறை, சுடுதண்ணிக்குத்தான் மசியும்." "அக்கா, பட்டன் பக்கத்துல தேய்க்கிறப்ப கையை இப்படி வெச்சுக்கணும்." கேட்டுக் கேட்டு ஏழாம்மாடிக்குக் காது புளித்துப்போனாலும், "அப்படியாடி? அப்புறம்?" என்று கேட்பாள்.

மேலே இலை கூடக் கூட, கீழே துணி குறைந்தது. இது எளிய கணக்கு. ஆனால் ஏழாம்மாடிக்கு அது உறைக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. முதலில் சாயங்கால ஷிப்டை எடுத்தார்கள். பிறகு இரண்டு இயந்திரங்களைத் துணி போட்டு மூடினார்கள். ஒரு நாள் லாண்டரி சூப்பர்வைசர் எல்லோரையும் நிற்க வைத்து, "துணி வந்தா ஆள் இருக்கும். வரலேன்னா நான் என்னம்மா பண்றது? அடுத்த மாசம் மூணு பேரை நிறுத்தணும். கடைசியா சேந்தவங்கதான்" என்றார். கடைசியாகச் சேர்ந்தவர்களில் சின்னவள் உண்டு.

அன்று வீட்டுக்கு வந்து சின்னவள் சாப்பிடவில்லை. சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். ஏழாம்மாடி அந்த முதுகைப் பார்த்தாள். மறுபடியுமா? ஐயோ, மறுபடியுமா?

மறுநாள் காலையில் ஏழாவது மாடியில் பதினோரு இலை. இலைக் கணக்கு எழுதும் தாளில் பதினொன்றுக்கும் வழக்கம்போலக் குறி போட்டாள். போட்டுவிட்டு, அதில் ஏழு கட்டில்களின் விரிப்பை உருவிச் சுருட்டி, அடித்தளத்துக்குத் துணி இறங்கும் குழாயில் தள்ளினாள்.

புது விரிப்பை விரித்ததும்தான் அடுத்த வேலை முளைத்தது. இஸ்திரி மடிப்பு பளிச்சென்று தெரிகிறதே, இலை வைத்தவர் கண்டுபிடித்துவிட்டால்? அதை அவள் கசக்க ஆரம்பித்தாள். கசக்குவதிலும் ஒரு நேர்மை வேண்டுமே. இடது பக்கம் சாய்ந்து படுக்கிறவருக்கு இடது பக்கம், ஒரு காலை மடக்கிப் படுக்கிறவருக்கு முழங்கால் இடத்தில் ஒரு குழி. கசக்கிவிட்டுப் பழைய விரிப்பை நீவுவதுபோலவே நீவினாள். பழசைப் புதுசாக்கின அதே கை, புதுசைப் பழசாக்கி, அதை மறுபடி புதுசாக்கியது. ஒரு அறைக்கு இரண்டு மடங்கு வேலை. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடினாள்.

தண்ணீர் வீணாகிறதே என்ற உறுத்தல் அவளுக்கு இல்லாமல் இல்லை. தெருக்குழாயில் குடத்தோடு நிற்கிறவளுக்குத் தண்ணீரின் அருமையை யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பலகையில் சிரிக்கிற மீனைப் பார்க்காமல் உள்ளே போகப் பழகிக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் பஸ்ஸில் சின்னவள் சொன்னாள். "ஏழாவது மாடியில இருந்து துணி கொட்டுதுக்கா. இந்த மாசம் யாரையும் நிறுத்தலைன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு."

"சீசன்டி."

"அழுக்கே இல்லாத துணியா வருது."

"சுத்தக்காரங்க வந்து தங்குறாங்க போல."

சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று ராத்திரி இரண்டு தட்டு சாப்பிட்டாள் சின்னவள்.

மாட்டிவிட்டது ஒரு நல்ல மனுஷி. கோடி அறையில் எட்டு நாள் தங்கிய ஒரு டீச்சரம்மா. தினமும் தவறாமல் இலை வைப்பார், பக்கத்தில் 'நன்றி' என்று எழுதிய சீட்டும் வைப்பார். மூன்றாம் நாள் கட்டிலில் உட்கார்ந்து காப்பி குடித்தபோது கால்மாட்டில் ஒரு சொட்டு சிந்திவிட்டது. நக அளவு கறை. நாலாம் நாள் ஏழாம்மாடி அந்த விரிப்பை உருவினாள். கறையைப் பார்த்தாள். 'அலசினா போயிடும்' என்று நினைத்துக் குழாயில் தள்ளினாள். புது விரிப்பில் டீச்சரம்மா படுக்கிற வாகு, முழங்கால் குழி, கை வைத்த சுருக்கம் எல்லாவற்றையும் அச்சாக வரவழைத்தாள். கறையை வரவழைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பதினோரு வருஷம் கறையைப் போக்கின கை அது.

டீச்சரம்மா ஊருக்குப் போகும்போது ஒரு கடிதம் எழுதிவைத்துப் போனார். 'நான் தினமும் இலை வைத்தேன். ஆனால் என் காப்பிக் கறையைக் காணவில்லை. யார்மேலும் குறை சொல்லவில்லை. தண்ணீர் வீணாகக் கூடாதே என்ற கவலையில் எழுதுகிறேன்.' கூடவே பணிப்பெண்ணுக்கு என்று ஒரு சாக்லேட்.

மேனேஜரம்மா தாளையும் லாண்டரிக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவரும் பொல்லாதவர் இல்லை. ஆனால் அடுத்த வாரம் பசுமைச் சான்றிதழுக்காக ஆய்வு செய்ய ஆட்கள் வருகிறார்கள். இரண்டு பேரையும் கூப்பிட்டார். மேலே துணியை உருவினவள் ஒருத்தி, கீழே அதை எண்ணி லாண்டரிக் கணக்கில் கையெழுத்துப் போட்டவள் இன்னொருத்தி.

"எத்தனை நாளா இது நடக்குது?"

ஏழாம்மாடி வாயைத் திறந்தாள். அதற்குள் சின்னவள் முந்திக்கொண்டாள்.

"நான்தான் மேடம் போடச் சொன்னேன். அக்கா முடியவே முடியாதுன்னாங்க. நான்தான் காலைப் புடிச்சு அழுதேன். துணி வந்தா என் வேலை நிக்கும்னு."

அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்த விஷயத்தை அவர்கள் வாய்விட்டுப் பேசினதுகூடக் கிடையாது. மேனேஜரம்மா ஏழாம்மாடியைப் பார்த்தார். "அப்படியா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். அவளுக்கு வீட்டு வாடகை நினைவுக்கு வந்தது, புருஷனின் நெஞ்சு வலி மாத்திரை நினைவுக்கு வந்தது. தலையை ஆட்டினாள். ஆம் என்று ஆட்டினாள். அந்த ஒரு ஆட்டலுக்காக அவள் தன்னையே இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை.

சுவரில் படம் மாட்டியிருக்கிற ஆளை ஆய்வுக்கு முன்னால் அனுப்ப முடியாது என்பதால் அவளுக்கு எச்சரிக்கையோடு போயிற்று. சின்னவளை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பினார்கள். பஸ்ஸில் சின்னவளே பேசினாள். "ரெண்டு பேரும் வெளிய வந்தா வீடு என்னாவும்? விடுங்கக்கா." அதுதான் அவள் நீளமாகப் பேசிய கடைசிப் பேச்சு. சான்றிதழ் கிடைத்தது. ஏழாவது மாடியில் பதின்மூன்று இலை வரைக்கும் போயிருக்கிறது.

முதல் பத்து நாள் சின்னவள் வீட்டில் இருந்த துணியெல்லாம் துவைத்தாள். திரை, போர்வை, தலையணை உறை, கைப்பிடித் துணி, கால் மிதி. குடம் குடமாகத் தெருக்குழாயிலிருந்து சுமந்து வந்து துவைத்து, காயப்போட்டு, தேய்த்து, ஹோட்டல் மடிப்பாக மடித்து அடுக்கினாள். துவைக்கும்போது ஓரிரு வார்த்தை வரும். பிறகு துணி தீர்ந்துபோயிற்று.

நேற்று நாலு மணிக்கு ஏழாம்மாடி வேலை முடிந்து வந்தபோது சின்னவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கை இரண்டும் மடியில் சும்மா கிடந்தன.

"சாப்பிட்டியாடி?"

சின்னவள் திரும்பவில்லை. "சின்னவளே, உன்னைத்தான்."

ஏழாம்மாடி பையைக் கீழே வைத்தாள். அலமாரியிலிருந்து, மடிப்புக் கலையாமல் வெள்ளை வெளேரென்று இருந்த விரிப்பை எடுத்தாள். தரையில் அகல விரித்தாள். தெருச் சேறு ஒட்டிய செருப்பைக் கழற்றாமல் அதன்மேல் ஏறி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மெதுவாக நடந்தாள். திரும்பியும் ஒரு தடவை நடந்தாள். பிறகு குனிந்து அதைச் சுருட்டி எடுத்து, சின்னவளின் மடியில் வைத்தாள்.