பானையில் பதிந்த முடி

அக்கா இறந்துபோய் ஏழெட்டு மாதம் ஆன பிறகும் அவள் முடி என் வீட்டில் கிடைத்துக்கொண்டே இருந்தது. வானகரத்து ஃபிளாட்டில் நாங்கள் இருவர்தான் இருந்தோம். என்னுடையது கழுத்தோடு வெட்டிய முடி. நீளமாக எது கிடைத்தாலும் அது அவளுடையதுதான். தினமும் பெருக்குகிறேன், துடைக்கிறேன். ஆனாலும் காலையில் எழுந்தால் கால் கட்டைவிரலில் ஒரு முடி சுற்றிக்கொண்டிருக்கும். பயமாக இருந்தது. இனிமேல் கிடைக்காமல் போய்விடுமோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

சீப்பில் வரும் முடியைச் சுருட்டி ஒரு கவரில் சேர்ப்பது அக்காவின் வழக்கம். தெருவில் சிக்குமுடி வாங்குபவர் வந்தால் கொடுத்துவிட்டு டப்பாவோ கிண்ணமோ வாங்குவாள். அந்தக் கவர் பாத்ரூம் ஆணியில் அப்படியே தொங்கியது. கள்ளிக்குப்பத்தில் இருக்கும் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"போனவ முடிய ஊட்ல மாட்டிவெச்சிகினு இன்னாடி பண்ணப்போற? தூக்கிப் போடு. அவளும் போவாம கீறா, உன்னியும் தூங்க உட மாட்டேன்றா."

தூக்கம் வராதது உண்மை. கையில் மண் பட்டால் தூக்கம் வரும் என்று ஆபீஸில் யாரோ சொன்னதைக் கேட்டு, சனிக்கிழமைகளில் நெமிலிச்சேரி தாண்டி ஒரு கொட்டகையில் ராக்கு என்ற பானை வேலை கற்றுக்கொள்ளப் போனேன். ஜப்பான்காரர்கள் தேநீர்க் கிண்ணத்துக்காகக் கண்டுபிடித்த சூளை முறை. நாம் டீக்கடை கிளாஸோடு திருப்திப்பட்டுவிட்டோம், அவர்கள் பாடுபட்டிருக்கிறார்கள். கேஸ் சூளையில் பானை செக்கச்செவேலென்று பழுத்ததும் இடுக்கியால் வெளியே எடுத்து, மரத்தூள் டிரம்மில் போட்டு மூடிவிட வேண்டும். உள்ளே புகை தன் இஷ்டத்துக்குக் கோலம் போடும்.

ஒரு வாரம் டீச்சர் வேறு வித்தை காட்டினார். மரத்தூளில் போடாமல், சூடான வெறும் பானையின் மேல் குதிரைவால் முடியை ஒவ்வொன்றாக வைத்தார். முடி நெளிந்து எரிந்து, மெல்லிய கறுப்புக் கோடாகப் பானையில் தங்கியது.

"கழுவினாலும் போகாது," என்றார்.

"மனுஷங்க முடியும் பிடிக்குமா?"

"நல்லாவே பிடிக்கும்." ஏன் என்று அவர் கேட்கவில்லை.

அன்றே முடிவுசெய்துவிட்டேன். பானையில் ஏறிவிட்டால் அக்காவை யாரும் குப்பையில் போட முடியாது.

எண்ணெய்ப் பிசுக்கு கோட்டைக் கெடுத்துவிடும் என்று நானாக நினைத்துக்கொண்டு, கவரிலிருந்த முடியை ஷாம்பு போட்டு அலசி மொட்டை மாடியில் காயவைத்தேன். அதுதான் தப்பு. காய்ந்த முடி சிக்குப்பிடித்து ஒரே உருண்டையாக இறுகிப்போய்விட்டது. சனிக்கிழமை பானை வெளியே வந்து எதிரில் நிற்கிறது. எனக்கு ஒரு முடியைக்கூடத் தனியாகப் பிரிக்க வரவில்லை.

"சீக்கிரங்க, ஆறிருச்சுன்னா பிடிக்காது," என்றார் டீச்சர்.

உருண்டையை அப்படியே வைத்துவிட்டேன். குப்பென்று பற்றியது. அந்த நாற்றம்! எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அக்காவைத் தெருமுனை வரைக்கும்தான் அனுப்பினேன். மிச்சத்தை இங்கே நின்று பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்ள மனம் வரவில்லை.

கோடு விழவில்லை. பானையின் ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பாகப் பின்னிக் கிடந்தது. இருந்த முடியெல்லாம் தீர்ந்துபோனது. ரயிலில் பானையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

மறுவாரம் அம்மா வந்தாள். ஆணியில் கவர் இல்லாததைப் பார்த்து, "போட்டுட்டியா?" என்றாள் நிம்மதியாக. பொய் சொல்ல வாய் வரவில்லை. பானையை எடுத்துவந்து கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள், போட்டு உடைத்தாலும் உடைப்பாள் என்று பக்கத்திலேயே நின்றேன்.

அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அந்தக் கறுப்பின் மேல் விரல்களை வைத்து, மேலிருந்து கீழே மெதுவாகக் கோத ஆரம்பித்தாள்.

"எண்ணெ வெக்காம உட்டுட்டியேடி," என்றாள். "பாரு, புள்ளைக்கு இன்னா சிக்கு."