மகாராணியின் வலது காது

எங்கள் ஆபீஸ் மாடியில் அவளுக்கு மகாராணி என்று பெயர். பின்னாலிருந்து யாராவது பேனா கேட்டால் திரும்ப மாட்டாள். இரண்டாவது தரமும் கேட்டுவிட்டு நிற்கிறவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். லிப்டில் வலிய வந்து பேசிய பெரிய மேனேஜரை அவள் கடைசி வரை கண்டுகொள்ளவே இல்லை என்று ஒரு கதை உண்டு. மேனேஜரையே மதிக்காதவள் என்று பாதிப் பேருக்கு அவளிடம் பயம், மீதிப் பேருக்கு வயிற்றெரிச்சல்.

உண்மை இதுதான்: அவளுக்கு வலது காது கேட்காது. சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னத்து வீக்கம் வடிந்தபோது காதையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. பெண் பார்க்க வந்தபோது மூச்சு விடக் கூடாது என்று அவள் அம்மா சொல்லிவைத்தார். அந்தப் பழக்கம் வேலைக்கும் வந்துவிட்டது. காதை வைத்துப் பிழைக்கிற இடத்தில் ஒரு காது இல்லை என்று தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தாள். அதைவிட அவள் பயந்தது, யாராவது தன்னைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று உச்சுக் கொட்டிவிடுவார்களோ என்றுதான். அதற்குத் திமிர் பிடித்தவள் என்ற பட்டம் எவ்வளவோ மேல் என்று வாயைத் திறக்காமல் வாங்கி வைத்துக்கொண்டாள். பக்கத்து நாற்காலிக்காரியான எனக்கே இதெல்லாம் வெகு காலம் தெரியாது.

எங்கள் வேலை ஒரு போன் கம்பெனியின் உதவி எண்ணில் உட்கார்ந்து பதில் சொல்வது. அந்தக் கம்பெனிக்கு ஒருநாள் என்ன தோன்றியதோ, புது போன்களில் ஹெட்போன் செருகும் இடத்தையே எடுத்துவிட்டது. அதற்கு முறையான பெயர் என்னவாக இருந்தாலும் கூப்பிடுகிறவர்களுக்கு அது ஓட்டைதான். 'ஓட்டை எங்கம்மா?' காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே கேள்வி. ஒருவர் பழைய பின்னை சார்ஜ் போடும் இடத்தில் அழுத்தி, இரண்டையும் கெடுத்துவிட்டுக் கூப்பிட்டார். இன்னொருவர் சிம் தட்டைத் திறக்கும் ஊசித் துளையைக் கண்டுபிடித்து, 'இத்தனை சின்னதா இருக்கே, இதுக்கு ஏத்த ஹெட்போன் எங்க கிடைக்கும்?' என்று கேட்டார். முதல் வருடம் சிரித்தோம். அப்புறம் சிரிக்கத் தெம்பில்லை.

இதற்கு எங்களிடம் ஒரு மருந்து இருந்தது. போனுக்கும் பழைய ஹெட்போனுக்கும் நடுவில் மாட்டுகிற ஒரு சாண் வயர். நாங்கள் அதை வால் என்போம். முதலில் கேட்கிறவரிடம் வயர் இல்லாத வாழ்க்கையின் பெருமையைப் பாட வேண்டும். மறுபடி கேட்டால் கடையில் வால் கிடைக்கும் என்று சொல்ல வேண்டும். நிஜமாகவே கொதித்துப்போனவருக்கு மட்டும் கம்பெனி செலவில் வால் அனுப்பலாம். கோபம் நிஜமா நடிப்பா என்று குரலை வைத்துக் கண்டுபிடிப்பதில் மகாராணியை அடிக்க ஆள் கிடையாது. ஒரு காதில் இத்தனை வேலை வாங்கினாள்.

அதுவரை எங்களுக்கு ஒற்றைக் காது ஹெட்செட்தான். எல்லோருமே அதை இடது காதில் மாட்டிக்கொண்டு, நடைபாதைப் பக்கம் சூப்பர்வைசர் கத்துவதற்காக வலது காதைக் காலியாக விடுவோம். அவளும் அப்படியே மாட்டியிருந்தாள். காலியாக இருந்த காது வேலை செய்கிறதா என்று யார் பார்த்தார்கள்?

பிறகு எங்கள் மேஜைக்கும் புதுமை வந்து சேர்ந்தது. பழைய போன்களை அள்ளிக்கொண்டு போய், ஆளுக்கு ஒரு டேப், சிலேட்டு மாதிரி ஒரு தொடுதிரை, கொடுத்தார்கள். அதிலும் ஓட்டை இல்லை. வயர் இல்லாத இரண்டு காது ஹெட்செட் கூடவே வந்தது. இடது காதில் கூப்பிடுகிறவர் பேசுவார். வலது காதில் சூப்பர்வைசர் பேசுவார், அது கூப்பிடுகிறவருக்குக் கேட்காது. சூப்பர்வைசருக்கு மெல்லிய கீச்சுக் குரல். அன்று சாயங்காலத்துக்குள் அவருக்குக் கொசு என்று பெயர் விழுந்துவிட்டது. 'சீக்கிரம் முடிங்க, சிரிச்சுக்கிட்டே பேசுங்க' என்று நாள் முழுக்க ரீங்காரம். எங்களுக்கெல்லாம் தலைவலி. மகாராணி மட்டும் நிம்மதியாக இருந்தாள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

ஒருநாள் காலையில் வால் கையிருப்பு தீர்ந்துவிட்டது. கொசு எல்லோர் காதிலும் சொன்னார்: இனிமேல் யாருக்கும் வால் தருவதாக வாக்குக் கொடுக்கக் கூடாது. நாங்கள் நிறுத்திக்கொண்டோம். மகாராணி நிறுத்தவில்லை. கொசு காதில் கதறக் கதற, 'கவலைப்படாதீங்க சார், வீட்டுக்கே அனுப்பி வைக்கிறோம்' என்று வாரி வழங்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். கதவு சரியாக மூடாத அறை அது, வெளியே இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"நான் சொல்லச் சொல்ல நீங்க பாட்டுக்கு வால் தர்றேன்னு சொல்லிட்டிருந்தீங்க. வேணும்னே பண்றீங்களா?"

"கோபமா இருக்கறவங்களுக்குக் குடுக்கறதுதான சார் வழக்கம்" என்றாள்.

"அப்ப என் பேச்சுக்கு மரியாதை இல்ல."

"தப்புதான் சார்."

"இன்னொரு தடவை இப்படி நடந்தா நான் மேல எழுதிக் குடுத்துருவேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

அவள் வெளியே வந்து, பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போனாள். 'நடையைப் பாரு' என்றார்கள் பின்னால்.

மறுநாள் அவள் ஹெட்செட்டை இடம் வலம் மாற்றித் திருப்பி மாட்டிக்கொண்டாள். இப்போது கொசுவின் குரல் நன்றாகக் கேட்டது. கூப்பிடுகிறவர் குரல் கேட்கவில்லை. டேப்பில் ஒரு பச்சைக் கோடு உண்டு, எதிர்முனையில் பேசினால் துள்ளும், நிறுத்தினால் படுத்துவிடும். கோடு படுத்ததும் இவள் பதில் சொல்லுவாள். எல்லோரும் கேட்பது ஓட்டையைப் பற்றித்தானே என்று ஒரு தைரியம். பரிதாபம் என்னவென்றால் அன்று பாதி நாள் இது ஓடியது. கொசு அவளை ஒருமுறை பாராட்டக்கூடச் செய்தார்.

மத்தியானம் ஒரு பெண் கூப்பிட்டாள். அழைப்பு என்னிடம் வந்தது. எடுத்தவுடனே என்னைப் பிடித்துக் கிழிக்க ஆரம்பித்தாள்.

"பஸ்ல என் போனை எவனோ அடிச்சுட்டான். அதைச் சொல்லி அழறேன், உங்க ஆபீஸ்ல ஒரு பொம்பளை, 'இனிமே அது இருக்காதும்மா, அது இல்லாம இருக்கப் பழகிக்கங்க, போகப் போக உங்களுக்கே பிடிச்சுப்போகும்'ங்கறாங்க. மனுஷங்கதானா நீங்க?"

அவள் முதலில் கூப்பிட்டபோது யார் எடுத்தது என்று டேப்பில் பார்த்தேன். பிறகு இடது பக்கம் திரும்பி மகாராணியைப் பார்த்தேன். மைக் குச்சி எங்களுக்கெல்லாம் இடது கன்னத்தில் இருந்தது, அவளுக்கு மட்டும் வலது கன்னத்தில். சாப்பாட்டு நேரத்தில் அவளைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"அக்கா, போன் திருடு போச்சுன்னு சொன்னவங்களுக்கு ஏன் அப்படி பதில் சொன்னீங்க?"

"திருடு போச்சா?" என்றாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஓட்டையத்தான் கேக்கறாங்கன்னு நெனச்சேன். எல்லாரும் அதத்தான கேக்கறாங்க."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பொன்னுக்கு வீங்கி, அம்மா, கல்யாணம், இந்த வேலை. சொல்லும்போது அழவில்லை. பெரிய மூட்டையை இறக்கி வைத்த ஆள் மாதிரி தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு.

"நான் உக்காந்திருக்கறது உங்க வலது பக்கம்."

"ஆமா."

"அப்ப நான் இத்தனை நாள் பேசினதெல்லாம்?"

அந்த மாடியில் நாங்கள் உதடு அசையாமல் பேசப் பழகியிருந்தோம். திரையைப் பார்த்தபடியே, இரண்டு அழைப்புக்கு நடுவில், தொண்டைக்குள்ளிருந்து. அப்படித்தான் என் வீட்டுக்காரர் வேலை தேடி வெளியூர் போனதையும், மெல்ல மெல்லப் போன் எடுக்காமல் விட்டதையும் அவளிடம் சொன்னேன். பிறக்காமலே போன என் குழந்தையைப் பற்றியும் சொன்னேன். என் அம்மாவிடம்கூடச் சொல்லாதது அது. அவள் நடுவில் புகுந்து புத்தி சொல்ல மாட்டாள், வெளியே போய் அளக்க மாட்டாள், தலையை மட்டும் ஆட்டுவாள். ஊரே மகாராணி என்று வைதாலும் எனக்கு அவள்மேல் இருந்த பிரியத்துக்கு அந்தத் தலையாட்டல்தான் காரணம்.

"நீ அழுத அன்னிக்குத் திரும்பி உக்காந்து கேட்டேன்" என்றாள். "மத்தது அங்கங்க கொஞ்சம். நிறைய கேக்கல."

"அப்புறம் எதுக்குத் தலையாட்டினீங்க?"

"ஆட்டலைன்னா உனக்கும் நான் மகாராணி ஆயிடுவேன்ல."

எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. எழுந்து போய்விட்டேன். அப்புறம் சில நாள் அவளோடு பேசவில்லை. நான் பேசாமல் இருந்தது அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ.

அதற்குள் அவள் பாடு மோசமானது. ஒரு அழைப்புக்குச் சரியாக மாட்டுவாள், அடுத்ததற்குத் திருப்பி மாட்டுவாள். கொசு ஏதோ சொல்லியிருப்பார் என்று அவர் இருக்கும் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். சாயங்காலம் முகம் சுண்டி, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் எழுந்திருப்பாள். பார்த்துக்கொண்டு எத்தனை நாள் முறைப்பாக இருக்க முடியும்? ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன்.

இரண்டு அறை வீடு. அவள் வீட்டுக்காரர் லிப்ட் ரிப்பேர் பார்க்கிறவர், எங்கோ அழைப்பு வந்து போயிருந்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் போகிற மகள் ஏதோ கேட்க வந்தாள், நேராக வராமல் கட்டிலைச் சுற்றி அம்மாவின் இடது பக்கமாக வந்து நின்று கேட்டாள். நடக்கப் பழகியதிலிருந்தே அப்படித்தானாம், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையாம். இத்தனை காலம் பக்கத்திலேயே இருந்தும் எனக்கு அது தெரியவில்லை. நானும் எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"உங்க சொந்த போன்ல எப்படிக் கேக்கறீங்க?" என்று கேட்டேன்.

"அதுல மோனோ போட்டிருக்கேன். ரெண்டு பக்கத்துச் சத்தமும் ஒரே காதுல வரும். நாமளே எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கோம்."

"அதையே டேப்லயும் போட்டுட வேண்டியதுதான?"

"டேப்ல செட்டிங்ஸைப் பூட்டி வெச்சிருக்காங்க. திறக்கற நம்பர் கொசுகிட்ட மட்டும்தான் இருக்கு."

ஏதாவது பொய் சொல்லித் திறக்க வைக்கலாம் என்றேன். காதில் சீழ், காதில் கட்டி, நானே அவரிடம் சொல்கிறேன் என்றேன். அவள் ஒரு சட்டையை மடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்:

"வேண்டாம். கட்டி ஆறலையான்னு அடுத்த வாரம் கேப்பாங்க. அப்புறம் இன்னொரு பொய். எனக்கு முடியல. வேலை போனாப் போகட்டும்."

திங்கள்கிழமை அவளே கண்ணாடி அறைக்குள் போய் உள்ளதைச் சொன்னாள். நான் வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். கொசு டேப்பை வாங்கி, நாலு எண்ணைத் தட்டி, ஒரு கட்டத்தில் டிக் போட்டார். ஹெட்செட்டை மாட்டச் சொன்னார். கேட்கிறது என்று தலையாட்டினாள். அவ்வளவுதான் காரியம். கல்யாணத்திலிருந்து இன்றுவரை தூக்கிச் சுமந்ததை ஒரு டிக்கில் முடித்துவிட்டார்கள். வேலையும் போகவில்லை. காது டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கி வரச் சொன்னார்கள், வாங்கிக் கொடுத்தாள், ஒரு காது போதும் என்று மேலிருந்து பதில் வந்தது.

கொசு கெட்டவர் இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று. மறுநாள் காலைக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால், "நம்ம மேடத்துக்கு ஒரு காது கேக்காது, அவங்களுக்கு நாமதான் அனுசரணையா இருக்கணும்" என்று மனதார அறிவித்துவிட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

அன்றிலிருந்து மாடியே மாறிவிட்டது. பேனா கேட்க வருகிறவர்கள் அவள் தோளைத் தட்டுகிறார்கள், அவள் திடுக்கிடுகிறாள். நல்ல காதிலும் கத்துகிறார்கள். ஒவ்வொரு எழுத்தாக, குழந்தைக்குச் சொல்வது போல, 'சாப்... பிட்... டீங்... களா?' என்கிறார்கள். லிப்டில் பெரிய மேனேஜர் அவளுக்குக் கை ஜாடை காட்டுகிறார். வயிற்றெரிச்சல் பட்டவர்கள்தான் இப்போது அவளிடம் ரொம்ப அன்பாக இருக்கிறார்கள். அந்த அன்பைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. கொசுவும் கூப்பிடுகிறவரும் ஒரே காதில் மோதிக்கொள்வதையாவது அவள் சமாளித்துவிடுகிறாள். இதைச் சமாளிக்க அவளுக்குத் தெரியவில்லை.

போன வாரம், இரண்டு அழைப்புக்கு நடுவில், என் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்து கேட்டாள்.

"எனக்குப் புதுசா ஏதாவது பேரு வெச்சிருக்காங்களா?"

வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியும்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. உங்களுக்கு எப்பவும் மகாராணிதான்."

அவள் லேசாகச் சிரித்தாள்.

"ஒத்தக்காதுன்னு சொல்றாங்க. தண்ணி பிடிக்கற இடத்துல ரெண்டு பேர் பேசிக்கிட்டாங்க. எனக்குக் கேக்காதுன்னு நெனச்சுட்டாங்க போல, இடது பக்கம்தான் நின்னாங்க."

அவள் டேப்பில் அடுத்த அழைப்பு வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து எடுத்தாள்.