சௌந்தரத்தின் நாலாவது அத்தியாயம்

பதினாறு. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எதன் கணக்கு என்பது பின்னால் வரும்.

மதுரைப் பல்கலைக்கழக நூலகத்தை விட்டு வெளியே வரும்போது சௌந்தரம் வாசலில் ஒரு கணம் நிற்பாள். சேலையின் முன்பக்கத்தை இடது கையால் பிடித்து இரண்டு தடவை உதறுவாள். பிறகுதான் படியிறங்குவாள். வாசலில் பைகளைச் சோதிக்கிற காவலாளிக்கு இது விளங்கவில்லை. “என்னம்மா, எறும்பு கிறும்பு ஏறிருச்சா?” என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

“இல்லண்ணே, பழக்கம்.”

அருப்புக்கோட்டை பஸ்ஸை விட்டு இறங்கினாலும் உதறல். பேராசிரியர் அறையிலிருந்து வெளியே வந்தாலும் உதறல். கல்யாண வீட்டில் சாப்பிட்டுக் கிளம்பும்போது உதறி, “இந்தப் புள்ள எதையும் ஒளிச்சு வச்சிருந்துச்சா?” என்று பந்தியே சிரித்ததும் உண்டு.

திருச்சுழிக்குத் தெற்கே நாலு மைலில் கரிசல் காட்டு ஊர். ஏழு வயதில் அம்மா முத்திருளாயியோடு பருத்தி எடுக்கப் போனவள். முன்தானையைத் தூக்கி இடுப்பில் செருகிப் பைபோலக் கட்டிக்கொள்வார்கள். அதுதான் மடி. எடுத்த பருத்தி மடியில் சேரும். மடி நிறைந்தால் வரப்போரம் விரித்திருக்கும் சாக்கில் கொட்டுவார்கள். பொழுது சாய்ந்ததும் பெண்கள் வரிசையில் நிற்க வேண்டும். கங்காணி தங்கசாமி முன்னால் ஒவ்வொருத்தியாக மடியை அவிழ்த்து உதறிக் காட்ட வேண்டும். ஒரு கை பருத்தியை ஒளித்துக்கொண்டு போகவில்லை என்பதற்கு அது சாட்சி. உதறியது போதாது என்று தோன்றினால் தங்கசாமி மடிக்குள் கைவிட்டுப் பார்ப்பார். அந்தக் காட்டில் ஆண்களும் வேலை செய்தார்கள். அவர்கள் வேட்டியை யாரும் உதறச் சொன்னதில்லை.

1994இல் சௌந்தரத்துக்கு வயது இருபத்துநாலு. ஆங்கிலத் துறையில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தாள். ஆய்வுத் தலைப்பு, அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் எழுத்தும் இயக்கமும். இந்தத் தலைப்பை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. எம்.ஏ. படிக்கும்போது ஒரு மத்தியானம் நூலகத்தில் கைக்கு வந்த புத்தகத்தைப் புரட்டினாள். வெடித்த பருத்திக் காயின் ஓட்டு முனை நகக்கண்ணில் ஏறுவதைப் பற்றி ஒரு கறுப்பினப் பெண் எழுதியிருந்தாள். சௌந்தரம் தன் விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அந்த அலமாரியில் பதினோரு புத்தகங்கள் இருந்தன. எதையும் வீட்டுக்குத் தரமாட்டார்கள். இரண்டு வருஷமாக உட்கார்ந்து கையால் எழுதி எடுத்தாள். எழுத்து கம்பம்புல் மணி அளவுதான் இருக்கும். நோட்டுகளுக்குக் காலண்டர் தாளில் அட்டை. காலை ஐந்து ஐம்பது பஸ்ஸில் நின்றுகொண்டே வாசிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பருத்திக் காட்டில் இருப்பாள். பஸ் காசு அங்கேதான் வரும். அங்கே அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வாரம் முழுக்கப் படித்த கதையை ஒப்பிக்க வேண்டும். நிரையில் குனிந்தபடியே பெண்கள் கேட்பார்கள்.

அவளுடைய மதினி முறைக்காரி சங்கரம்மாள் வாயாடி. “ஏ நாத்தனா, போன வாரம் அந்த அமெரிக்காக்காரி துணி வெளுக்கப் போனாள்ல, சம்பளம் குடுத்தாகளா?”

“பழைய சேலையக் குடுத்து அனுப்பிட்டாக மதினி.”

“அங்கயும் அதே சேலதானா!”

“அங்க சேல கெடையாது. கவுனு.”

“என்னமோ. பழசுதானே?”

பஸ்ஸில் கறுப்பர்களைப் பின்சீட்டில்தான் உட்காரவிட்டார்கள் என்று சௌந்தரம் சொன்னபோது சங்கரம்மாள் நிமிர்ந்தாள். “சீட்டு கெடைச்சிருக்குல்ல? திருச்சுழி பஸ்ஸுல ஏறிப் பாக்கச் சொல்லு.” காடே சிரித்தது. அந்தப் பெண்கள் ஒரு வருஷத்துக்கு மேல் அந்த பஸ்ஸைப் புறக்கணித்து நடந்தே வேலைக்குப் போனார்கள் என்று சௌந்தரம் தொடர்ந்தாள். சிரிப்பு நின்றது.

அப்போதுதான் சங்கரம்மாள் கேட்டாள். “அங்கயும் பருத்தி எடுப்பாகன்னியே. சாயங்காலம் மடிய ஒதறச் சொல்வானா?”

சௌந்தரம் அந்தப் பதினோரு புத்தகங்களிலும் மறுபடி தேடினாள். அங்கே தோளில் தொங்கும் நீளச் சாக்கில் எடுத்தார்கள். தராசில் நிறுத்தார்கள். குறைந்தால் அடித்தார்கள். மடி இல்லை. இல்லை என்று தெரிந்ததும் அவளுக்கு ஓர் அத்தியாயம் கிடைத்தது. அந்தப் புத்தகங்களை எழுதிய பெண்கள் தங்கள் அம்மாக்களைக் கேட்டு எழுதியிருந்தார்கள். இவளும் கேட்டாள்.

சௌந்தரத்தையும் சேர்த்து அந்தக் காட்டில் பருத்தி எடுக்கும் பெண்கள் முப்பத்தொரு பேர். மடி உதறலைப் பற்றித் தங்கள் பெயரைப் போட்டே எழுதச் சொன்னவர்கள் பதினாறு பேர். முதல் பெயர் முத்திருளாயி. மற்றவர்கள் பின்வாங்கினார்கள். சங்கரம்மாளே “கத கேக்குறேன், பேரு வேணாந்தாயி” என்று நழுவினாள். பதினாறு வாக்குமூலங்களையும் ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் படித்துக்காட்டி, அவரவர் சரி என்ற பிறகுதான் நாலாவது அத்தியாயமாக வைத்தாள்.

பிறகு ஒரு தப்பு செய்தாள். மதுரையில் தட்டச்சுக்குக் கூலி அதிகம் என்று அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்த டைப்ரைட்டிங் கடையில் கொடுத்தாள். கடைக்காரர் காட்டு முதலாளிக்கு மைத்துனர். அது அவளுக்குத் தெரியும். இங்கிலீஷில் இருப்பதை யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தாள். எட்டாம் வகுப்பு இங்கிலீஷ் போதும், தங்கசாமி என்ற பெயரை எழுத்துக்கூட்டி வாசிக்க.

ஞாயிற்றுக்கிழமை காலை தங்கசாமி வரப்பில் குறுக்கே நின்றார்.

“பருத்தி எடுக்குறதுக்கு மதுரையில படிப்பா? இங்கனயே நான் சொல்லிக்குடுத்திருப்பேன்ல. எல்லாரும் வீட்டுக்குப் போங்க. அந்த நாலாவதக் கிழிச்சுப் போட்டுட்டு வாங்க, அப்பறம் பாப்பம்.”

“பேரு குடுத்தது பதினாறு பேருதான?” என்றாள் சங்கரம்மாள்.

“நான் தல எண்ணி வேல குடுக்கல. மொத்தமா போங்க.”

மறுநாள் பல்கலைக்கழகத்தில் அவளை வழிநடத்தும் பேராசிரியர் கஸ்தூரியும், முன்பே கொடுத்திருந்த கையெழுத்துப் பிரதியில் அந்த அத்தியாயத்தில்தான் விரலை வைத்தார். கெட்ட மனுஷி இல்லை. அந்தப் பதினோரு புத்தகங்களையும் நூலகத்துக்கு வரவழைத்தவரே அவர்தான்.

“நல்லா எழுதியிருக்க சௌந்தரம். ஆனா இது ஆங்கில இலக்கியம். அமெரிக்காவப் பத்தின ஆய்வுல உங்க அம்மா எதுக்கும்மா? வெளியிலிருந்து வர்ற தேர்வாளருங்க இத ஏத்துக்க மாட்டாங்க. மூணு அத்தியாயம் போதும். நாலாவத நீக்கிட்டு வா, நாளைக்கே கையெழுத்துப் போடுறேன்.”

சமர்ப்பிக்க எட்டு நாள் இருந்தது. கையெழுத்து இல்லையென்றால் பட்டம் இல்லை. அத்தியாயம் இருந்தால் முப்பத்தொரு பேருக்கும் அந்த வருஷப் பருத்தி இல்லை. வெளியே வந்தாள். வராந்தாவில் நின்று சேலையை உதறினாள்.

அன்று சாயங்காலம் குழாயடியில் குடங்கள் வரிசையாக இருந்தன. சௌந்தரம் அம்மாவிடம் சொன்னாள்: “யம்மா, அத எடுத்துருறேன். ஒரு அத்தியாயம் போனா என்ன, மிச்சம் இருக்குல்ல.”

முத்திருளாயி குடத்தை நகர்த்தினாள். “நான் சொன்னத நீ எழுதுன. எடுக்குறதா இருந்தா எங்கிட்டக் கேக்கணும்ல?”

“அதான் கேக்குறேன்.”

“எடுக்காத.”

“ஒங்க எல்லாருக்கும் வேல போகுதே யம்மா.”

சங்கரம்மாள் குறுக்கே விழுந்தாள். “ஏ நாத்தனா, பேரு குடுத்தவளும் வீட்டுல ஒக்காந்திருக்கா. குடுக்காத நானும் ஒக்காந்திருக்கேன். நான் எதுக்கு ஓசியில ஒக்காரணும்? எம் பேரையும் எழுதிக்க.”

மற்றவர்களும் வரிசையாகப் பெயர் சொன்னார்கள். பெயர்களை எழுத நோட்டில் இரண்டு பக்கம் ஆனது.

செவ்வாய்க்கிழமை சௌந்தரம் கஸ்தூரியிடம் போய் அத்தியாயம் இருக்கும் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அந்தப் புஸ்தகத்துல எல்லாம் அவுக அம்மாக்க இருக்காக மேடம். அத எடுத்துட்டுப் படிக்கச் சொன்னா நீங்களே படிக்க மாட்டீங்க.”

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். “டைப் அடிச்சுக் கொண்டு வா. வைவாவுல கேட்டா நீயே பதில் சொல்லிக்கணும்” என்றார்.

காட்டில் பருத்தி வெடித்து நின்றது. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். வேறு ஊரிலிருந்து ஆள் கொண்டுவர முதலாளி பார்த்தார். எல்லா ஊரிலும் அது எடுப்புக் காலம். வியாழக்கிழமை விடிகிறபோது மேற்கே மேகம் கட்டியது. நனைந்த பருத்தியை அருப்புக்கோட்டையில் எவனும் தொடமாட்டான். தங்கசாமி சைக்கிளை மிதித்துக்கொண்டு தெருவுக்குள் வந்தார்.

“ஏத்தா முத்திருளாயி, மழ வருது பாரு. வெள்ளாம வீணாகுதுல்ல.”

“வாரோம். ஆனா இனிமே மடி ஒதற மாட்டோம்.”

“அத மொதலாளிட்டக் கேட்டுத்தான் சொல்லணும்.”

“கேட்டுட்டு வாங்க. நீங்க வாரவரைக்கும் நிக்கச் சொல்லி அந்த மேகத்துட்டயும் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க.”

தங்கசாமி மேற்கே பார்த்தார். “சரி சரி, மொதல்ல வந்து எடுங்க.”

சௌந்தரமும் போனாள். மதியக் கஞ்சியை நின்றுகொண்டே குடித்தார்கள். மழை காரியாபட்டிப் பக்கம் ஒதுங்கிப் போனது. பொழுது சாய்ந்தபோது தங்கசாமி பழக்கப்படி வரப்பில் வந்து நின்றார். முத்திருளாயி முதலில் நடந்தாள். செருகிய மடியை அவிழ்க்காமல், அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, அவரைப் பார்க்காமல் தாண்டினாள். அடுத்து சங்கரம்மாள். அவள் நின்று அவரை நன்றாகப் பார்த்துவிட்டே தாண்டினாள். ஒவ்வொருத்தியாகப் போனார்கள். தங்கசாமி காலடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

கடைசியில் சௌந்தரம். தாண்டியவர்களை எண்ணிக்கொண்டே வந்தாள். முப்பது வரை சரியாக எண்ணினாள். கங்காணிக்கு நேரே வந்ததும் கால் தானாக நின்றது. இடது கை மடியை அவிழ்த்தது. இரண்டு தடவை உதறியது.

அன்று மாலை அந்தக் காட்டில் மடி உதறியவர்கள்: ஒன்று.