"கூடாது" அடுத்த வரியில் இருந்தது

என் மகள் ஐந்தாம் ஆண்டு. புலமைப்பரிசில் பரீட்சைக்காக மாங்குளத்தில் ரியூசனுக்குப் போனாள். பந்தி வாசித்து விடை எழுதும் பகுதியில் எப்போதும் முழுப் புள்ளி. அந்தத் தாள்களைச் சுவாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டவன் நான்.

போன காலபோக நெல்லுக்குக் களைநாசினி வாங்கிவந்தேன். போத்தலில் இருந்த எழுத்து கடுகைவிடச் சின்னது. என் கண்ணுக்குப் பிடிபடவில்லை.

"பிள்ளை, வயலிலை தண்ணி நிக்கேக்கை அடிக்கலாமோ எண்டு பார்."

அவள் விரலை மேலிருந்து கீழே ஓட்டினாள். 'தண்ணீர்' என்ற சொல்லில் விரல் நின்றது.

"ஓம் அப்பா. 'வயலில் தண்ணீர் நிற்கும்போது தெளித்தல்' எண்டு கிடக்கு."

அடித்தேன். இரண்டு கிழமையில் நெல்லைவிடக் களை உயர்ந்து நின்றது. பக்கத்து வயல்காரர் போத்தலை வாங்கிப் பார்த்தார். அடுத்த வரியில் 'கூடாது' என்று இருந்தது.

"அண்ணை, நீங்கள் மருந்தடிச்சனீங்களோ, களைக்குப் பசளை போட்டனீங்களோ?" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து மகளைக் கேட்டேன். அழுதாள்.

"ரியூசன் மாஸ்டர்தான் அப்பிடிச் சொல்லித்தந்தவர். பந்தியை வாசிக்க வேண்டாமாம். கேள்வியிலை இருக்கிற சொல்லைத் தேடி, அந்த வரியை எழுதட்டாம்."

அடுத்த நாளே மாஸ்டரிடம் போனேன்.

"சோதினையிலை நேரம் காணாது. விளங்கி வாசிச்சுக்கொண்டிருந்தா கடைசிக் கேள்விக்குப் போகேலாது. புள்ளி வருதுதானே?"

"புள்ளி வருது ஐயா. விளக்கம் வரேல்லை."

"நீங்கள் எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனீங்கள்?"

"எட்டு."

அவர் சிரித்தார். கடவுள் கொடுத்த புத்தியைப் பூட்டிவைக்கப் பழக்குவது பாவம். அதைப் படிப்பித்தல் என்று சொல்வது அதைவிடப் பாவம். அவரிடம் அதைச் சொல்லாமல் வந்ததற்கு இன்றைக்கும் என்னையே நொந்துகொள்கிறேன்.

ரியூசனை நிறுத்தினேன். பின்னேரம் விளக்கு வைத்ததும் ஒரு பந்தி. முழுக்க வாசிக்க வேண்டும், புத்தகத்தை மூட வேண்டும், தன் சொந்தச் சொல்லில் எனக்குச் சொல்ல வேண்டும். அவள் கை திரும்பத் திரும்பப் புத்தகத்துக்கே போனது. நான் ஏசினேன்.

மூன்றாம் நாள் அவளும் திருப்பிக் கேட்டாள். "இப்ப விளக்கடியிலை தேவாரம் பாடினீங்கள்தானே. கடைசி வரிக்கு என்ன கருத்து? சொல்லுங்கோ பாப்பம்."

விவரம் தெரிந்த நாள் முதல் பாடுகிறேன். கருத்தை ஒரு நாளும் தேடிப் பார்த்ததில்லை. மாஸ்டர் மேல் இருந்த கோபம் குறையவில்லை. அதில் எனக்கும் ஒரு பங்கு வந்தது, அவ்வளவுதான்.

தேவாரப் புத்தகத்தை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தேன்.

"கடைசி வரி இருக்கட்டும்," என்றேன். "முதல் வரியிலை இருந்து வாசி. நானும் வாறன்."