கெசியாவின் பிள்ளைகள் அநாதைகள் அல்ல

உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைகளாயிருந்த எங்களுக்கு விடுதலை என்று வட கரோலினா முழுக்க அறிவித்த மறு வருடம், கெசியாவின் இரண்டு பிள்ளைகளையும் பழைய எசமான் புரூயிட் தன் பண்ணையிலேயே நிறுத்திக்கொண்டார். அநாதைகள், தொழில் பழகட்டும் என்று நீதிமன்றத்தில் சொல்லி, பெரியவர்களாகும் வரை தனக்கே உழைக்கும்படி உத்தரவும் வாங்கிவிட்டார். தகப்பன் எங்கள் விடுதலைக்காகப் போரிட்ட வடக்குப் படையில் சேர்ந்து செத்தது உண்மைதான். ஆனால் தாய் பக்கத்து ஊரில் துணி வெளுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளைக் கேட்கப் போனவள் மேல் நாயை ஏவினார்கள். என் மகன் ஜூபாலும் வேறொரு பண்ணையில் அப்படித்தான் மாட்டியிருந்தான். நான் அழுதுகொண்டு வீட்டில் கிடந்தேன். கெசியா கடிபட்ட காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, விடுதலையானவர்களுக்கென்று அரசாங்கம் திறந்திருந்த அலுவலகத்துக்கு நடந்தாள். அங்கிருந்த பட்டாள அதிகாரி அப்புறம் வா, அப்புறம் வா என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒருநாள் அவள் சலவைத் தொட்டியோடு போய் அந்த முற்றத்திலேயே வேலையை ஆரம்பித்தாள். குறுக்கே காயப்போட்ட ஈரப் போர்வைகளை விலக்காமல் யாரும் வாசற்படி ஏற முடியவில்லை. கடைசியில் அதிகாரியே கூப்பிட்டார்.

“அநாதைன்னு கோர்ட்டு சொல்லியிருக்கேம்மா.”

“பெத்தவ எதிர்ல நிக்கிறேனே ஐயா. என்னை நல்லாப் பாத்துட்டு, அப்புறம் சொல்லுங்க அநாதைன்னு.”

விசாரணைக்குப் புரூயிட்டும் வந்தார். போர்க்காலத்தில் இந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது யார் என்று கேட்டார்.

“சோளம் விதைச்சது நான். அறுத்தது நான், இடிச்சது நான். நீங்க என்ன குடுத்தீங்க, தட்டா?” என்றாள் கெசியா. பின்னால் நின்ற வெள்ளைக்காரர்களிலும் சிலர் சிரித்துவிட்டார்கள்.

பிள்ளைகளைத் தாயிடம் விடச் சொல்லி, துணைக்கு ஒரு சிப்பாயையும் அனுப்பினார் அதிகாரி. பண்ணையில் மூத்தவன் ஈனோக் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டான். சின்னவள் டில்டா சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். உன்னை வேண்டாமென்று உன் அம்மா விட்டுப் போய்விட்டாள் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். கெசியா அவளைப் பிடித்து இழுக்கவில்லை, முற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“இருட்டினா போயிடுவியா?” என்று கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டது குழந்தை.

“போமாட்டேன். நீ வர்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன்.”

சிப்பாய் முணுமுணுத்துக்கொண்டே காத்திருந்தான். பொழுது சாயும் நேரத்தில் டில்டா வெளியே வந்தாள். வழியெல்லாம் சிப்பாயின் விரலைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். வெகுநாள்வரை தாயைப் பேர் சொல்லியே கூப்பிட்டாள். கெசியா ஒரு தடவைகூடத் திருத்தவில்லை. குளிர்காலத்தில் டில்டா காய்ச்சலாய்ப் படுத்திருந்தபோதுதான் அந்த வாயிலிருந்து ‘அம்மா’ வந்தது.

அதற்கெல்லாம் வெகு முன்பே, பிள்ளைகள் வந்த மறுவாரமே கெசியா என் வீட்டு வாசலில் நின்றாள். “எந்திரிக்கா. தொட்டியத் தூக்கு. ஜூபாலக் கூட்டிட்டு வரலாம்.”

அந்த இலையுதிர் காலம் முழுக்க அலுவலக முற்றத்தில் எங்கள் தொட்டிகள் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போயின. எல்லோருக்கும் பிள்ளைகள் கிடைக்கவில்லை. கிடைக்காதவர்களோடு கெசியா திரும்பத் திரும்பப் போனாள்.

ஜூபால் கிறிஸ்துமஸுக்கு முன்பே வந்துவிட்டான். என்னைவிட உயரமாக வளர்ந்திருந்தான். என்ன பேசுவதென்று தெரியாமல் முதலில் சோளரொட்டியைப் பிட்டு அவன் கையில் கொடுத்தேன்.